ரெப்ளிகேஷனுக்குத் தமிழில் ஒரே சொல் போதுமா?

பிப்ரவரி 4, ஞாயிறு

ஒரு வாசகர் எழுதியது: "ரெப்ளிகேஷன் என்றால் நகல் எடுப்பது, அவ்வளவுதான். பள்ளி உயிரியலில் இரட்டிப்பாதல், கணினிக்காரர்களிடம் நகலாக்கம், ஆய்வுக்காரர்களிடம் மீள்செய்கை என்று ஆளுக்கொரு சொல் வைத்து மாணவர்களைக் குழப்புகிறார்கள். 'நகல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்?"

அதே நாள், இரவு

நேற்று கேட்டிருந்தால் நானும் ஆமாம் போட்டிருப்பேன். பதினேழு வருடமாக டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. ரெப்ளிகேஷன் என்றால் சென்னை சர்வரில் விழுந்த வரி மும்பை சர்வரிலும் விழுவது. அசல் ஒன்று, நகல் ஒன்று. இதற்கு 'நகல்' தாராளம்.

இன்று சாப்பிடும்போது கேள்வியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மனைவி வேளாண்மை படித்தவர். "நாங்க கம்புல நாலு ரெப்ளிகேஷன் வெச்சோம். அதுல எதை நகல் எடுத்தோம், சொல்லுங்க" என்றார். பதில் வரவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 5

அவர் சொன்னதை எழுதிவைக்கிறேன், எனக்கும் பாடம்.

ஒரு வயல். ஐந்து விதமான உர அளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பாத்தி கொடுத்துவிட்டு, எது அதிகம் விளைந்தது என்று பார்த்தால் என்ன தப்பு? வாய்க்கால் ஓரத்துப் பாத்திக்குத் தண்ணீர் முந்தும், வேப்பமரத்து நிழல் விழும் பாத்தி பிந்தும். விளைச்சல் உரத்தால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வயலை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து உரத்தையும் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றிப் போடுவார்கள். மூங்கில் குச்சியில் அட்டை கட்டி 'டி3 ஆர்2' என்று எழுதி நட்டிருப்பார்கள். மூன்றாவது உரம், இரண்டாவது ரெப்ளிகேஷன். 1920களில் இங்கிலாந்தில் ரொத்தாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் உருவாக்கிய முறையின் வழிவந்தது இது.

ஏன் நான்கு? ட்ரீட்மெண்ட் (இங்கே உர அளவு) எண்ணிக்கையில் ஒன்றைக் கழி, ரெப்ளிகேஷனில் ஒன்றைக் கழி, இரண்டையும் பெருக்கு. 12-க்குக் குறையக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். ஐந்து உரம் என்றால் 4 × 3 = 12, சரியாகிவிட்டது. ஏழு உரம் என்றால் மூன்று ரெப்ளிகேஷனே போதும்.

இங்கே அசல் எது? எதுவும் கிடையாது. நான்கும் அண்ணன் தம்பி. இன்னொரு விஷயம்: நான்கு பாத்தியும் கிராம் சுத்தமாக ஒரே எடை கொடுத்தால், ஆய்வை மேற்பார்க்கும் கைடு சந்தோஷப்பட மாட்டார், ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து நம்பர் போட்டாயா என்பார். பாத்திக்குப் பாத்தி எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தால்தான் உரத்துக்கு உரம் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். என் வேலையில் நகல் அசலிலிருந்து ஒரு எழுத்து மாறினாலும் இரவு இரண்டு மணிக்கு போன் வரும்.

பிப்ரவரி 5, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது. ஒரே பாத்தியிலிருந்து பத்துக் கதிர் பறித்து அளந்துவிட்டு "பத்து ரெப்ளிகேஷன்" என்று எழுதுகிற ஆட்கள் உண்டாம். போலி ரெப்ளிகேஷன் என்று இதற்குப் பெயரே வைத்து 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதி, துறையையே ஒரு பிடி பிடித்திருக்கிறார். நம் ஊரில் இதைப் பழமொழியாகவே வைத்திருக்கிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சரிதான், அந்தப் பானைக்குப் பதம். பத்துச் சோறு எடுத்து நசுக்கினாலும் பானை ஒன்றுதானே.

பிப்ரவரி 7

கேட்டவர் விடவில்லை: "வயலை விடுங்கள், உங்கள் துறையில் 'நகல்' சரிதானே?"

சரி என்றுதான் சொல்ல வந்தேன். 2014 ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை, எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு நிற்கும் நேரம். ஒரு வாடிக்கையாளர் கரூருக்கு வீடு மாறிவிட்டார், ஊரை மாற்ற வேண்டும். ஒரே ஒரு அப்டேட். 'வேர்' (ஆங்கில where) என்று ஆரம்பிக்கும் கடைசி வரியை விட்டுவிட்டு என்டரைத் தட்டினேன். எந்த வாடிக்கையாளர் என்று சொல்வது அந்த வரிதான். வேர் இல்லாத அப்டேட்! நாற்பதாயிரம் வாடிக்கையாளரும் ஒரே தட்டில் கரூர்க்காரர்கள் ஆனார்கள்.

கை நடுங்கினாலும் மனசுக்குள் ஒரு தைரியம்: ரெப்ளிகா, அதாவது நகல் சர்வர், இருக்கிறதே. போய்ப் பார்த்தால் அங்கேயும் கரூர். எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் இடத்தில் சுழி. அந்தச் சுழியைக் காட்டித்தான் போன மாதம் மேலாளரிடம் பாராட்டு வாங்கியிருந்தேன். முந்தைய இரவின் பேக்கப்பை ஏற்றி, மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் பைனரி லாக்கை அந்தத் தப்பு வரிக்கு முன்வரை ஓட்டி, எல்லாரையும் அவரவர் ஊருக்கு அனுப்பிவைக்க விடிகாலை மூன்றாகிவிட்டது.

பிறகு வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும் ரெப்ளிகா ஒன்று வைத்தோம். நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் 5.6 பதிப்பிலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. நகல் உடனே எடுக்கப்படாததால்தான் அதற்கு மதிப்பு.

பிப்ரவரி 8

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது தோன்றியது. சொல் எத்தனை வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

டேட்டாபேஸில் அசல் சொன்னதே சட்டம், அது கிறுக்குத்தனமாக இருந்தாலும். வயலில் யார் பேச்சும் தனியாக எடுபடாது, நாலு பேரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். இதற்கு இரண்டு சொல் வேண்டாமா?

இன்னொரு சங்கதி, துறைக்காரர்களுக்கு மட்டும். டேட்டாபேஸிலேயே இரண்டு வகை உண்டு. அசலில் ஓடிய கட்டளையை அப்படியே அனுப்பி நகலிலும் ஓட்டச் சொல்வது ஒன்று, கட்டளை ஓடி முடிந்தபின் எந்த வரி எப்படி மாறியது என்று விளைவை மட்டும் அனுப்புவது மற்றது. முதல் வகையில், ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கி எடு என்று கட்டளையில் இருந்தால் அங்கே ஒரு எண், இங்கே ஒரு எண் விழக்கூடும். சமையல் குறிப்பை அனுப்புவதற்கும் டிபன் கேரியரை அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம். மைஎஸ்கியூஎல் முதலில் குறிப்பைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது, 5.7-இல் கேரியருக்கு மாறியது. நான் கேரியர் கட்சி.

பிப்ரவரி 10

டி.என்.ஏ எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

பள்ளியில் படித்த ஏணிப்படம் நினைவிருக்கும். ஏணி நடுவில் பிரிகிறது, ஒவ்வொரு பாதிக்கும் புதிய பாதி சேர்கிறது. இது இப்படித்தான் நடக்கிறது என்று காட்டியது மெசல்சன், ஸ்டால் என்ற இரண்டு விஞ்ஞானிகள், 1958-இல் (திருத்தம்: முதலில் 1985 என்று அடித்திருந்தேன். சுட்டியவருக்கு நன்றி).

எளிய சோதனை, ஆனால் எனக்கு இன்றும் பிடித்த சோதனை. ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன் 15 கொடுத்தே பல தலைமுறை வளர்த்தார்கள். அதன் டி.என்.ஏ முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு சாதாரண நைட்ரஜன் 14-க்கு மாற்றினார்கள். டி.என்.ஏவைச் சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு மணிக்கணக்காக வேகமாகச் சுழற்றினால், அடர்த்திக்கேற்ற உயரத்தில் ஒரு பட்டையாக நிற்கும். ஒரு தலைமுறைக்குப் பிறகு பார்த்தால் கனமான பட்டையும் இல்லை, லேசான பட்டையும் இல்லை. நடுவில் ஒரே பட்டை. இரண்டாம் தலைமுறையில் பாதி நடுவில், பாதி லேசான இடத்தில். பழைய ஏணி அப்படியே இருக்க, பக்கத்தில் முழுசாகப் புது ஏணி உண்டாகியிருந்தால் முதல் தலைமுறையிலேயே இரண்டு பட்டை தெரிந்திருக்கும்.

ஆக, ஜெராக்ஸ் கடைக் கணக்கு இங்கே செல்லாது. கடையில் அசலை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள், நகல் வேறாக வருகிறது. இங்கே இரண்டு மகள்களுக்கும் பாதி அம்மா. யார் அசல் என்ற கேள்வியே எழாது. 'இரட்டிப்பாதல்' என்ற பாடநூல் சொல் நான் நினைத்ததைவிட நல்ல சொல்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈ.கோலையின் டி.என்.ஏ சுமார் 46 லட்சம் எழுத்து. முழுக்க இரட்டிக்க 40 நிமிடம் பிடிக்கும். ஆனால் சாப்பாடு நன்றாகக் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை செல் இரண்டாகிறது. எப்படி? ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறது. பாட்டி இருக்கும்போதே பேத்திக்கான வேலை ஆரம்பம்.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதில் ஒரு இடம் தப்பு. நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஒருவர் தனியாக எழுதிச் சுட்டினார். "யார் அசல் என்ற கேள்வியே எழாது" என்றேன். எழுகிறது.

புதிய இழையில் ஒரு எழுத்து தப்பாக விழுந்துவிட்டது என்று வையுங்கள். எதிரெதிர் எழுத்துகள் பொருந்தவில்லை. திருத்துகிற நொதிக்கு எது தப்பு என்று எப்படித் தெரியும்? பழையதைத் திருத்திவிட்டால் பிழையே நிரந்தரமாகிவிடுமே. ஈ.கோலை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஜி-ஏ-டி-சி என்று எழுத்து வரும் இடங்களில் பழைய இழை மெத்தில் அடையாளம் குத்தப்பட்டு இருக்கும். புதிய இழைக்கு அடையாளம் விழக் கொஞ்ச நேரமாகும். அந்த இடைவெளிக்குள், அடையாளம் இல்லாத பக்கத்தை வெட்டித் திருத்திவிடுகிறார்கள். எல்லாத் திருத்தமும் முடிந்தபின் ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் பிழை மிஞ்சுகிறது.

அதாவது செல்லுக்குள்ளேயும் என் கேள்விதான் ஓடுகிறது, யார் பேச்சை எடுத்துக்கொள்வது என்று. பதிலுக்கு அது நம்பியிருப்பதும் ஒரு தாமதத்தை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கு இருந்த விவரம் 2014-இல் எனக்கு இல்லை.

பிப்ரவரி 14

டெல்லியில் வக்கீலாக இருக்கும் சித்தி மகன் இதைப் படித்துவிட்டு போன் செய்து சிரித்தான். "அண்ணா, நான் வாரத்துக்கு ரெண்டு ரெப்ளிகேஷன் ஃபைல் பண்றேன். அதுல நகலும் இல்ல, வயலும் இல்ல."

அங்கே வாதி பிராது போடுகிறார், பிரதிவாதி எதிருரை போடுகிறார், அதற்கு வாதி திரும்பப் போடும் பதிலுக்குப் பெயர் ரெப்ளிகேஷன். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ரிப்ளை ஸ்டேட்மெண்ட் என்போம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் எட்டாம் கட்டளை ஒன்பதாம் விதிப்படி பொதுவாக அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். பழைய ஆங்கிலேய நீதிமன்றங்களில் இது முடிவில்லாமல் போகும்: வாதியின் ரெப்ளிகேஷன், பிரதிவாதியின் ரிஜாய்ண்டர், வாதியின் சர்ரிஜாய்ண்டர், ரெபட்டர், சர்ரெபட்டர். இந்த இழை மாதிரியே.

லத்தீனில் வேர்ச்சொல்லுக்குப் பொருள் திருப்பி மடிப்பது. ரிப்ளையும் ரெப்ளிகாவும் ஒரே மடிப்பிலிருந்து வந்தவை. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பொறி தட்டியது. தமிழிலும் மடங்கு என்றால் மடிந்துபோவது, 'இருமடங்கு' என்றால் இரட்டிப்பு. அதே மடிப்பு! தண்டியலங்காரத்தில் மடக்கு என்றே ஓர் அணி உண்டு. ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் பொருள் வேறு. ரெப்ளிகேஷன் என்ற சொல்லுக்கு நடந்ததும் அதுதானே.

பிப்ரவரி 14, இரவு

யோசித்துப் பார்த்தால், ஒரே சொல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் நகலைவிடப் 'பிரதி' தேவலை. கையெழுத்துப் பிரதி என்றால் படி. பிரதிவாதி என்றால் எதிர் நிற்பவன். பிரதி ஞாயிறு என்றால் ஒவ்வொரு ஞாயிறும். நகல், பதில், திரும்ப நடப்பது மூன்றும் ஒரே சொல்லில்.

பிப்ரவரி 15

எதிர்பார்த்ததுதான். "பிரதி வடசொல், தூக்கி எறி." சரி, நகல் மட்டும் எந்தச் சங்கப் பாடலில் இருக்கிறது? அது அரபியிலிருந்து உருது வழியாகத் தாலுகா ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தது, கூடவே அசலும்.

நல்ல தமிழ்ச் சொல் 'படி'. ஆனால் உயிரியல்காரர்கள் முந்திக்கொண்டார்கள். டி.என்.ஏவிலிருந்து ஆர்.என்.ஏ உண்டாவதற்குப் 'படியெடுத்தல்' என்று பாடநூலில் ஏறிவிட்டது. அதே பாடத்தில் இரட்டிப்பாதலையும் படியெடுத்தல் என்றால் மாணவர் தேர்வில் என்ன எழுதுவார்? கேட்டவரின் ஒரே-சொல் திட்டத்துக்கு இதுதான் சரியான அடி. அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

பிப்ரவரி 18

ஆய்வு உலகத்து ரெப்ளிகேஷன். இங்கே நிலைமை தலைகீழ்: நகல் வந்து அசலை விசாரிக்கிறது.

2015-இல் ஒரு பெரிய குழு, உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. அசல்களில் 97 சதவீதம், தற்செயல் என்று தள்ள முடியாத முடிவு கிடைத்ததாகச் சொன்னவை. மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படிக் கிடைத்தது. மீதி எல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. ஆட்கள் வேறு, ஊர் வேறு, இரண்டாவது முயற்சியே சறுக்கியிருக்கலாம். ஆனாலும் முதலில் வந்தது என்பதற்காக அசல் பேச்சை இனி எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் இன்னொரு சிக்கல். அதே தரவு, அதே நிரல், அதே விடை வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. புதிதாகத் தரவு சேகரித்து அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பது வேறு. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ரீப்ரொட்யூசிபிலிட்டி, மற்றதற்கு ரெப்ளிகபிலிட்டி. எது எதற்கு என்பதில் துறைக்குத் துறை நேர்மாறு. ஏசிஎம் என்ற கணினி அமைப்பு, மற்றவர்களோடு ஒத்துப்போவதற்காக 2020-இல் தன் இரண்டு சொற்களையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொண்டது! தமிழில்தான் குழப்பம் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க.

பிப்ரவரி 24

அசல் தப்பே செய்ய முடியாத ஒரு இடம் இருந்தது. கிலோகிராம். பாரிஸ் அருகே செவ்ரில் பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்று, 1889-இலிருந்து உலகத்துக்கே கிலோ. நாடுகளுக்குப் பிரதிகள் கொடுத்தார்கள். இந்தியாவுடையது 57-ஆம் எண், டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 1988 முதல் 1992 வரை எல்லாவற்றையும் வரவழைத்து ஒப்பிட்டால், நூறு வருடத்தில் அசலுக்கும் பிரதிகளுக்கும் நடுவில் சுமார் 50 மைக்ரோகிராம் விலகல். அசல் இளைத்ததா, பிரதிகள் பெருத்தனவா? சொல்ல வழியில்லை. வரையறைப்படி அசல் எப்போதும் சரியாக ஒரு கிலோ. அது இளைத்தால் உலகம்தான் பெருத்ததாகக் கணக்கு. 2019 மே 20 முதல் அந்த உருளையை ஓய்வில் அனுப்பிவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணை வைத்துக் கிலோவை வரையறுக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் ஓலைச்சுவடி. அசல் என்றைக்கோ செல்லரித்துப் போயாயிற்று. கையில் இருப்பதெல்லாம் பெயர்த்தெழுதியதைப் பெயர்த்தெழுதியவை. ஏட்டில் புள்ளி வைப்பதில்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, ரகரமும் காலும் ஒரே மாதிரி. எழுதுகிறவர் எப்படிப் படித்தாரோ அப்படி. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல ஏடுகளை வரிக்கு வரி ஒப்பிட்டு. ஒத்துப்போகாத இடங்களைப் பாட பேதம் என்று குறித்துவைப்பது பதிப்பாசிரியர் வழக்கம். எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும். தனக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்தாலும் மற்றதை அழிப்பதில்லை.

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். 'படித்தவன்' இடத்தில் 'பாடினவன்' என்றும் கேட்டிருக்கிறேன். பழமொழிக்கே பாட பேதம்.

பிப்ரவரி 25

தயிர் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், உறைமோரும் ரெப்ளிகேஷன்தான். நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து இன்றைய பாலில். ஊரிலிருந்து அம்மா டப்பாவில் கொடுத்த உறை, இங்கே வந்து நாலு வாரத்தில் வேறு தயிராகிவிட்டது. அசலைத் தேடிப் போய்க் கேட்டால், அம்மா அங்கே பக்கத்து வீட்டில் புது உறை வாங்கிவிட்டாராம்.

மார்ச் 9

யாரோ இந்த இழையிலிருந்து டி.என்.ஏ பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். நான் திருத்துவதற்கு முன்பு எடுத்தது. அதில் 1985. இன்று காலை மாமா எனக்கே அனுப்பினார், "நல்ல தகவல், படி" என்று.

போன் செய்து, மாமா, அது நான் எழுதினது, வருஷம் தப்பாக அடித்துவிட்டேன், 1958 என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. குரூப்பில் தேடியிருக்கிறார் போல. "மூணு குரூப்ல வந்திருக்கு, மூணுலயும் 1985-தான் இருக்கு. நீ ஒருத்தன்தான் 58-ங்கற" என்றார்.